முப்பதாம் நாள் யூரியா: இத்தலார் பக்கம் ஒரு ஏக்கர் உருளைக்கிழங்கில் நடந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமும் அளவும் பார்க்காமல் யூரியா போட்ட இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. மண் மாதிரியைப் பார்த்து உரச் சீட்டு எழுதித் தருவதுதான் அப்போது என் வேலை. தோட்டக்காரருக்கும் (அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) நான்தான் எழுதிக் கொடுத்தேன், அதில் "30ஆம் நாள் மேலுரம்", அதாவது நட்ட பிறகு இடையில் போடுகிற உரம், என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. அவர் அதை அப்படியே செய்தார், ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. அதற்குப் பிறகு நடந்ததில் அவர் கையும் இருக்கிறது, ஆனால் ஆரம்பித்து வைத்தது நான்.

ஊட்டிக்கு மேற்கே இத்தலார் பக்கம், சரிவில் ஏழு படியாக வெட்டிய ஒரு ஏக்கர் குத்தகைத் தோட்டம். கீழ் ஐந்து படியும் கறுத்த, ஆழமான மண். மேல் இரண்டு படி செம்மண், ஒரு முழம் தோண்டினால் கல் தட்டும். எங்கள் பக்கம் கிழங்குக்கு மூன்று போகம்: வருட ஆரம்பத்தில் தண்ணீர் பாய்ச்சி எடுப்பது நீர்போகம், ஏப்ரல் மே மாதம் நடுவது கார்போகம், ஆகஸ்டுக்கு மேல் கடைப்போகம். (கிழங்கு என்றால் இங்கே உருளைக்கிழங்குதான், மற்றதைத்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.) நான் சொல்வது நான்கு வருடத்துக்கு முந்தைய கார்போகம், ரகம் குஃப்ரி ஜோதி. கார்போகம் தென்மேற்குப் பருவமழைக்கு நடுவில் வளர்கிற பயிர், மேற்குச் சரிவில் அந்த மழை யார் பேச்சையும் கேட்காது. பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை.

மண் பரிசோதனையில் கார அமில நிலை 4.8, அதாவது புளித்த மண், மட்கு எவ்வளவு என்று காட்டுகிற அங்ககக் கரிமம் 2.6 சதவீதம். சமவெளியில் 0.75க்கு மேல் போனாலே "அதிகம்" என்று எழுதிவிடுவோம், இது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே. இந்த எண்ணை நான் பார்த்தேன், சீட்டில் குறித்தேன், ஆனால் அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. அப்போது எனக்கு அது நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், அவ்வளவுதான்.

மலைப் பகுதிக் கிழங்குக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 240, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120. தழைச்சத்தில் பாதி நடும்போது, மீதி 30ஆம் நாள். ஏக்கருக்குத் தழைச்சத்து மட்டும் கணக்குப் பார்த்தால் 49 கிலோ வரும். நான் எழுதிக் கொடுத்தது இதை ஒட்டித்தான்: அடியில் 17:17:17 காம்ப்ளெக்ஸ் (மூன்று சத்தும் நூற்றுக்கு 17 வீதம்) மூன்று மூட்டை, மேலுரமாக யூரியா ஒரு மூட்டை, போதாத மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட். கேட்க மறந்தது ஒன்று. "அண்ணா, கோழி எரு போட்டீங்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். போட்டிருந்தார், நடுவதற்குப் பத்து நாள் முன்னால், கீழே நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த லோடில் மூன்று டன்.

முளைத்ததும் வெளுத்ததும்

ஏப்ரல் 26 நட்டது. குளிரும் மூட்டமுமாக இருந்ததால் முளை வெளியே தலை காட்டவே 27 நாள் ஆனது. மே 26, முப்பதாம் நாள். போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு செடியும் விரல் உயரம், சிலது மண்ணைத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் கண் திறக்கிறது. அந்த நாளில் ஒரு மூட்டை யூரியா ஏக்கர் முழுக்க விழுந்தது. அந்தச் செடியெல்லாம் அப்போது அம்மாக் கிழங்கைச் சப்பிக்கொண்டு இருந்தவை, வேர் ஒரு சாண் கூடப் போகவில்லை. மூட்டையில் 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20.7 கிலோ. வாய் இல்லாத பிள்ளைக்கு இலை போட்டுப் பந்தி வைத்த மாதிரி.

ஜூன் இரண்டாவது வாரம் மழை பிடித்தது. மூன்று வாரம் வெயில் என்ற பேச்சே இல்லை, தோட்டத்தில் நடந்தால் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வந்தது. ஜூன் கடைசியில் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, செடி வெளுத்துப் போச்சு. வந்து ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க."

போனேன். உண்மைதான், அடி இலைகள் மஞ்சள், நடு இலைகள் வெளிர்பச்சை, உச்சி மட்டும் கொஞ்சம் பச்சை. அடியிலிருந்து மேலே ஏறுகிற மஞ்சள் என்றால் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று கல்லூரியில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள். தழைச்சத்து செடிக்குள் நகரக்கூடிய சத்து, பற்றவில்லை என்றால் கிழட்டு இலையைக் கலைத்து அதில் இருப்பதை உச்சிக் குருத்துக்குக் கொண்டுபோய்விடும். இரும்புச்சத்தோ கந்தகமோ குறைந்தால் புது இலைதான் முதலில் வெளுக்கும், ஏனென்றால் அவை அவ்வளவு சுலபமாக நகராது. ஆக, தழைச்சத்துக் குறை என்று நான் சொன்னது பாடப்படி சரி. கொஞ்சம் யூரியா போடலாம் என்றும் சொன்னேன். எவ்வளவு, எப்போது என்று சொல்லவில்லை, மழை நின்றதும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. கிலோ ஆறு ரூபாய் கூட வராது, ஒரு டீயும் வடையும் அதைவிட விலை. ஒரு தடவை மருந்து அடிக்க ஆகிற செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் காசே இல்லை. அதனால் அண்ணன் ஜூலை 5ஆம் தேதி, எழுபதாம் நாள், மழை விட்டதும் இரண்டு மூட்டையாகப் போட்டார். கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு போனதில் ஐந்தாவது படியோடு மூட்டை காலி. மேல் இரண்டு படிக்கு நாளைக்கு வாங்கிப் போடலாம் என்று விட்டவர், மறுநாள் வீட்டில் விசேஷம், அப்புறம் போடவே இல்லை.

அந்த மறதி இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

பத்து செடி

ஜூலை நடுவில் பத்து நாள் நல்ல வெயில். கீழ்ப் படிகளைப் பார்த்தால் கண் நிறைந்துவிடும். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை, செடி இடுப்பு உயரம் வந்து, தன் எடையே தாங்காமல் பாருக்கு (செடி வரிசை நிற்கிற மண் மேட்டுக்கு) நடுவில் சாய்ந்து கிடந்தது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்டார்களாம், என்ன உரம் போட்டீங்க என்று. மேல் இரண்டு படி மட்டும் முழங்கால் உயரத்தில், பழுத்த மாதிரி வெளிர்பச்சையில், பார்க்கவே பாவமாக இருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் யாரையும் கூட்டிப்போகவில்லை.

ஜூலை 30, தொண்ணூற்றைந்தாம் நாள். கருகல் நோய் கீழ்ப் படிகளில் புள்ளி வைக்க ஆரம்பித்ததால் என்னைக் கூப்பிட்டார். இலைகள் ஒன்றோடு ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்ததில் காலை பதினோரு மணிக்கும் உள்ளே கையை விட்டால் ஈரம். கருகலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, மேலே அடிக்கிற மேன்கோசெப் மருந்து அடி இலைக்கு இறங்கவும் இறங்காது. சரி, அதைப் பார்க்க வந்த இடத்தில், கீழே எத்தனை கிழங்கு பிடித்திருக்கிறது என்று தோண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மூன்றாவது படியில் ஒரே பாரில் பத்து செடி, ஆறாவது படியில் ஒரே பாரில் பத்து செடி. கொத்தை ஒரு அடி தள்ளிப் போட்டு, மண்ணை நெம்பி, செடியைப் பிடித்துத் தூக்கினோம். மூன்றாவது படிச் செடி கனத்தது, ஆனால் அந்தக் கனமெல்லாம் மேலே. அடியில் வெள்ளை வெள்ளையாக நீளமான ஓடுதண்டுகள், நுனியில் கோலிக்குண்டு அளவில் கிழங்கு, சிலதில் அந்தக் கிழங்கின் நுனியிலிருந்தே மறுபடி ஒரு தண்டு கிளம்பி அதன் நுனியில் இன்னொரு சின்னக் கிழங்கு, மாலையில் கோத்த மாதிரி. கட்டை விரலால் தேய்த்தால் தோல் வெங்காயச் சருகாக உரிந்தது. ஆறாவது படியில் தூக்கினதும் செடி லேசாக வந்துவிட்டது, கிழங்கு மண்ணிலேயே தங்கிவிட்டது, கையை விட்டு அள்ள வேண்டியிருந்தது. முட்டை அளவு, அதற்கும் பெரிது, தோல் கொஞ்சம் இறுகி.

தொங்கு தராசில் நிறுத்தோம். மூன்றாவது படி, பத்து செடிக்கு தழை 4.6 கிலோ, கிழங்கு 1.3 கிலோ. ஆறாவது படி, தழை 1.9 கிலோ, கிழங்கு 2.4 கிலோ. அண்ணன் தராசைத் தட்டிப் பார்த்தார், மறுபடி மாட்டினார், அதே எடை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எப்பவும் மேல்படிதான் தம்பி நமக்குக் கை கொடுக்காது" என்றார் கடைசியில்.

அதுதான் விஷயம். மண் நன்றாக இருந்த இடத்தில் கிழங்கு இல்லை, கல் தட்டுகிற இடத்தில் இருக்கிறது. பத்து பத்து செடியை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது, எனக்கும் தெரியும், ஆனால் மண் வித்தியாசம் காரணம் என்றால் முடிவு தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

வளர்ச்சி கேட்கிறது, அப்புறம்தான் சத்து போகிறது

தழைச்சத்து போட்டால் பயிர் வளரும் என்று நாம் சொல்கிறோம். பாதிதான் உண்மை. பயிர் வளர்ந்தால்தான் அதற்குத் தழைச்சத்து வேண்டும், வளர்கிற வேகத்துக்கு ஏற்பத்தான் எடுக்கும், வளர்ச்சி நின்ற நாளில் அதற்கு அதிகம் வேலையில்லை. குளிர், மூட்டம், வேரில் காற்றில்லாத சேறு, இதில் எது வளர்ச்சியைக் கட்டினாலும் தேவையும் சேர்ந்து இறங்கும். யூரியா அந்தக் கட்டை அவிழ்க்காது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பயிர் பெரிதாகப் பெரிதாக, ஒரு கிலோ உடம்புக்குத் தேவையான தழைச்சத்து குறைந்துகொண்டே போகிறது. முளைக்கீரையை நினைத்துப் பாருங்கள், முழுக்க இலை, கிள்ளினால் நறுக்கென்று வரும். அதே கீரையைப் பிடுங்காமல் விட்டால் தண்டுக்கீரையாகி நார் ஏறிவிடும். இலை என்பது வேலை செய்கிற இடம், அங்கேதான் தழைச்சத்து குவிந்திருக்கும், இலையில் உள்ள தழைச்சத்தில் நாலில் ஒரு பங்கு போல ரூபிஸ்கோ என்ற ஒரே ஒரு நொதியில் மட்டும் இருக்கிறது, காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பது அதுதான். தண்டு என்பது தூக்கி நிறுத்துகிற கட்டுமானம், அதற்குத் தழைச்சத்து கொஞ்சம் போதும். பயிர் உயர உயரத் தண்டின் பங்கு கூடும், அடி இலை நிழலில் விழும், நிழலில் வேலை இல்லாத இலையின் சத்தை மேல் இலை எடுத்துக்கொள்ளும். மொத்தச் செடியில் சதவீதம் இறங்கும்.

பிரான்சில் லெமேர் என்பவரும் கூட்டாளிகளும் 1980களில் புல் பயிரில் இதை அளந்து ஒரு கோடாகவே போட்டார்கள், 1990இல் கிரீன்வுட் குழு பல பயிர்களில் அதே மாதிரி இறக்கம் இருப்பதைக் காட்டியது. நெல், கோதுமை, கிழங்கு வகைப் பயிர்களுக்கு (மக்காச்சோளம், கரும்பு எல்லாம் வேறு கூட்டம், அவற்றுக்கு இன்னும் குறைவாகவே போதும்) பொதுவாகச் சொல்கிற கோட்டின்படி, ஹெக்டேரில் தரைக்கு மேல் ஒரு டன் காய்ந்த எடை இருக்கும்போது அதில் 4.8 சதவீதம் தழைச்சத்து இருந்தால் வளர்ச்சி தடைபடாது. இரண்டு டன்னில் 3.8. ஐந்து டன்னில் 2.8. பத்து டன்னில் 2.2.

இதைக் கிலோவாக மாற்றினால்தான் சுவாரசியம். முதல் டன்னுக்கு 48 கிலோ வேண்டும். இரண்டு டன் ஆகும்போது மொத்தம் 76, அதாவது இரண்டாவது டன்னுக்கு 28தான். ஐந்து டன்னில் மொத்தம் சுமார் 139, பத்தில் சுமார் 219, கடைசி ஐந்து டன் ஒவ்வொன்றுக்கும் 16 கிலோ போதுமாக இருக்கிறது. பயிர் சின்னதாக இருக்கும்போது உடம்புக்குத் தகுந்த பங்கு ரொம்பப் பெரிது, ஆனால் உடம்பே சின்னது. இடைப்பட்ட காலத்தில், இலை விரித்துப் பாரை மூடுகிற அந்த நாலைந்து வாரத்தில், நாளுக்கு எடுக்கும் அளவு உச்சத்துக்குப் போகும். அப்புறம் செடி பெரிதாக இருந்தாலும் பசி அடங்கிவிடும். கிழங்குப் பயிரில் இந்த இறக்கம் இன்னும் செங்குத்து, ஏனென்றால் கிழங்கில் சேருவது பெரும்பாலும் மாவு.

கிழங்கில் புரதம் நூற்றுக்கு இரண்டு பங்கு. அதை 6.25ஆல் வகுத்தால் தழைச்சத்து, 0.32 சதவீதம். ஒரு டன் கிழங்குக்கு 3.2 கிலோ. ஏக்கருக்கு ஆறரை டன் எடுக்கிற நல்ல விளைச்சலில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறுகிற தழைச்சத்து 21 கிலோ, ஒரு யூரியா மூட்டை. தழையில் இருப்பதையும் சேர்த்தால் 35 கிலோ அளவுக்கு வரும். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, காகிதத்தில் போட்டுக் காட்டச் சொன்னார்.

போட்டுக் காட்டினேன். காம்ப்ளெக்ஸ் 50 கிலோ மூட்டை மூன்று, 25.5 கிலோ. கோழி எரு மூன்று டன், நூற்றுக்கு இரண்டு என்று குறைவாக வைத்தாலும் 60 கிலோ. முப்பதாம் நாள் யூரியா 20.7. எழுபதாம் நாள் இரண்டு மூட்டை 41.4. ஆக 147.6 கிலோ. பரிந்துரைபோல மூன்று மடங்கு. இதில் மண் தன் பங்குக்குக் கொடுப்பது சேரவில்லை. 2.6 சதவீதக் கரிமம் என்றால், ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண்ணில் மட்கோடு மட்காகத் தழைச்சத்து கிட்டத்தட்ட இரண்டு டன் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் வருடத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் கரைந்து வந்தாலே 20, 40 கிலோ. ஆனால் அது நம் சொல்படி வராது, நுண்ணுயிர் சொல்படி வரும், குளிரிலும் புளித்த மண்ணிலும் அது மெதுவாக வேலை செய்யும், வெயில் வந்தால் முழித்துக்கொள்ளும்.

இப்போது ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். ஜூன் மழையில், வேர் பிடிக்காத நேரத்தில் போட்டதில் நைட்ரேட்டாக (தண்ணீரில் கரைகிற தழைச்சத்து வடிவமாக) மாறின பங்கு தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டது, செடி உண்மையாகவே பட்டினி. கூடவே வேரில் காற்றும் இல்லை. அந்த நேரத்தில் அரை மூட்டை, அதுவும் வெயில் தெரிந்த பிறகு, போதுமாக இருந்திருக்கும். விழுந்தது இரண்டு மூட்டை, அதே வாரம் மண் சூடேறி மட்கிலிருந்தும் கோழி எருவிலிருந்தும் வர ஆரம்பித்தது. எல்லாம் ஒரே பந்தியில். ஒரு மாதம் பட்டினி, அப்புறம் பத்து நாளில் விருந்து.

கிழங்குப் பயிர் இதற்கு ஒரு மாதிரிதான் பதில் சொல்லும். வேருக்கு நைட்ரேட் தாராளமாக வந்துகொண்டே இருந்தால், செடி இன்னும் வளரும் காலம் என்றே நினைத்துக்கொண்டு இலையும் தண்டும் விடும், கிழங்கு பிடிப்பதைத் தள்ளிப்போடும். ஜெர்மனியில் கிரவுஸ், மார்ஷ்னர் இருவரும் மண்ணே இல்லாமல் சத்துக் கரைசலில் உருளைச் செடி வளர்த்து இதைக் காட்டினார்கள்: நைட்ரேட்டைச் சில நாள் நிறுத்தினால் ஓடுதண்டு நுனி பருத்துக் கிழங்காகும், மறுபடி நிறையக் கொடுத்தால் அந்தக் கிழங்கு பருப்பதை நிறுத்திவிட்டு அதன் நுனியிலிருந்து தண்டு விடும். மூன்றாவது படியில் நாங்கள் தூக்கிப் பார்த்த மாலைக் கிழங்கு வேறொன்றுமில்லை, ஜூன் பட்டினியில் பிடித்த கிழங்கு ஜூலை விருந்தில் மனசு மாறினதுதான். முதலில் அதை நான் ஏதோ வைரஸ் என்று நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுவடை தள்ளிப் போனது. தழை காயாமல் கிழங்கின் தோல் இறுகாது, தோல் இறுகாமல் மூட்டை பிடித்தால் மண்டிக்குப் போவதற்குள் கறுத்துவிடும். கருகலுக்கு இரண்டு மருந்து கூடுதல். செப்டம்பர் முதல் வாரம் எடுத்தது 45 கிலோ மூட்டையில் 92, அதில் மூன்றில் ஒரு பங்கு பொடிக்கிழங்கு. நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. அதில் போன தழைச்சத்து 13 கிலோ. 147 போட்டு 13. மீதி எங்கே என்று கேட்டால், கொஞ்சம் தழையில், கொஞ்சம் மண்ணில், கொஞ்சம் காற்றில், மிச்சம் ஓடையில். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே உள்ள தோட்டக்காரர் கேரட்டுக்கு அடிக்கிறார்.

மறுபடி

அடுத்த வருடமே அங்கே கிழங்கு வைக்க முடியாது. 1961இல் இந்தியாவிலேயே முதலில் உருளை முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தது நீலகிரியில்தான், மாற்றுப் பயிர் வைக்காமல் தொடர்ந்து கிழங்கே வைத்தால் அது மண்ணில் பெருகிக்கொண்டே போகும். கேரட் வைத்தார், பீன்ஸ் வைத்தார். முதல் கேரட்டில் தழை அமோகம், கிழங்கு சுமார், அதைப் பார்த்ததும் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே ஏழு படியில் கார்போகக் கிழங்கு. இந்தத் தடவை சீட்டில் நாள் கணக்கே எழுதவில்லை. அடியுரமாகக் காம்ப்ளெக்ஸ் இரண்டு மூட்டை, கோழி எரு ஒரு டன், அதுவும் இரண்டு மாதம் குவித்து மூடி வைத்தது. குறைகிற மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் சூப்பரும் பொட்டாஷும் பார்த்துக்கொண்டன. மேலுரம், செடி ஒரு சாண் உயரம் வந்த பிறகு, மண் அணைக்கும்போது யூரியா 20 கிலோ, அதைப் பாரின் ஓரத்தில் வைத்து மண் மூடிவிட வேண்டும். அதன் பிறகு போட வேண்டுமா என்பதை ஒரு பார் சொல்லும்.

அது என்ன பார் என்றால், நான்காவது படியில் ஒரே ஒரு பாருக்கு மட்டும் ஆரம்பத்திலேயே இரண்டு மடங்கு தழைச்சத்து போட்டுவிடுவது. அது பட்டினி கிடக்க வாய்ப்பில்லை. மற்றதெல்லாம் வெளுத்து அது மட்டும் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறை, போடலாம். அதுவும் சேர்ந்து வெளுத்தால் குறை வேறெங்கோ, குளிரோ, வேரோ, யூரியா மூட்டையைத் தொட வேண்டாம். அண்ணன் அதற்குப் பணக்காரப் பார் என்று பெயர் வைத்துவிட்டார். டவுன் பஸ்ஸில் போனில் "பணக்காரப் பார் எப்படி இருக்கு" என்று நான் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார்.

அந்த வருடமும் ஜூன் கடைசியில் வெளுத்தது. அண்ணன் கை பரபரத்தது எனக்குப் போனிலேயே தெரிந்தது. பணக்காரப் பாரும் வெளுத்திருந்தது. ஆகவே போடவில்லை, அதற்குப் பதில் படி ஓரத்து வடிகாலை ஒரு கொத்து ஆழமாக வெட்டினார். ஒரு வாரத்தில் வெயில் வந்தது, மேல்படிகள் தானாகத் தேறிக்கொண்டன, கீழ் மூன்று படி மட்டும் பணக்காரப் பாரைவிடக் கொஞ்சம் மங்கல். அங்கே மட்டும் 10 கிலோ. மொத்தக் கணக்கு, காம்ப்ளெக்ஸ் 17, எரு 20, யூரியா இரண்டு தடவையும் சேர்த்து 13.8, ஆக 50.8 கிலோ.

மூட்டை 139, ஆகஸ்ட் கடைசியில். ஆறேகால் டன். பொடி குறைவு. கருகல் அந்த வருடமும் வந்தது, அது வராத கார்போகம் இல்லை, ஆனால் மருந்து உள்ளே இறங்குகிற அளவுக்குத் தழை இருந்தது. விலை முந்தையதைவிடக் குறைவு, அதனால் கையில் நின்ற காசு மூட்டைக் கணக்கு காட்டுகிற அளவுக்கு இல்லை.

92க்கும் 139க்கும் உள்ள வித்தியாசம் முழுக்கத் தழைச்சத்தால்தான் என்று நான் எழுதினால் அது பொய். மழை வேறு, விதை வேறு, வடிகால் வேறு. மூன்று வருட இடைவெளிகூட விடாமல் இரண்டே வருடத்தில் வைத்தாலும் நூற்புழு அடக்கமாக இருந்தது, அதுவும் ஒரு அதிர்ஷ்டம். பணக்காரப் பாரையும் தனியாக எடுத்து நிறுத்தோம், பக்கத்துப் பாரைவிடத் தழை அதிகம், கிழங்கு ஏறக்குறைய சமம். எனக்கு அந்த ஒரு எடைதான் மற்ற எல்லாவற்றையும்விட நம்பிக்கை தந்தது, ஒரே படி, ஒரே மழை, ஒரே விதை.

இன்னும் தீராதது கோழி எரு. ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி, ஒன்று உதிர்ந்து தூளாக இருக்கும், ஒன்று சொதசொதவென்று பாதி தண்ணீர், டன் கணக்கு ஒன்றுதான் ஆனால் உள்ளே இருக்கிற சத்து ஒன்றல்ல. நூற்றுக்கு இரண்டு என்று நான் போட்டதே ஒரு குத்துமதிப்பு. இந்த வாரக் கடைசியில் அடுத்த லாரி வருகிறது. இறக்கும்போது குவியலில் ஐந்தாறு இடத்திலிருந்து அள்ளிக் கலந்து ஒரு கிலோ டப்பாவில் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன், நிறுத்து, உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்த்துவிட்டு எத்தனை டன் இறக்கலாம் என்று முடிவு பண்ணலாம். "லாரிக்காரன் அதுவரைக்கும் நிப்பானா தம்பி" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.